திரேசம்மா வீட்டுக் கதிரைகள்

மொன்றியல் நல்லிணக்க நோக்கர் பேரவையின் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், பதினாறு நோக்கங்கள் இருக்கின்றன. பதினாறையும் வாசித்து முடித்தவர் தலைவர் ஸ்ரீகுமார் ஒருவர்தான், எழுதியவரும் அவரேதான். சுருக்கிச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை இங்கேயிருந்து பத்துப் பேர் இலங்கைக்குப் போகவேண்டும். சண்டை நடந்த ஊர்களில் மிஞ்சியிருக்கிற சனங்களைப் பார்க்கவேண்டும். அவர்கள் எவ்வளவு தூரம் இணங்கிவிட்டார்கள் என்று படிவத்தில் புள்ளடி போட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டும். யாரோடு இணங்கிவிட்டார்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அது அரசியலாம்.

குணரத்தினம் இந்தப் பத்துப் பேரில் ஒருவராக வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய வீடு. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிற இரண்டு அறை வாடகை வீடு இல்லை. கரவெட்டியில் எரிந்துபோன வீடு. மனிதர் இருபத்தெட்டு வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். சங்கம், கூட்டம் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். ஆனால் அந்த வருடம் பேரவையிடம் மூன்று மருத்துவர்கள் இருந்தார்கள், நாலு பொறியியலாளர்கள் இருந்தார்கள், வீடு விற்கிற முகவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் மட்டும் ஒருவரும் இல்லை. யாப்பின் ஒன்பதாம் பிரிவின்படி ஒரு பாதிக்கப்பட்டவராவது இல்லாமல் பயணம் கிளம்பக் கூடாது.

செயலாளர் இரவிச்சந்திரன் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, உங்கட வீடு எரிஞ்சது தானே?"

"ஓம், எண்பத்தேழில. ஆனா முழுக்க எரியேல்லை. அரைவாசிதான்."

"அரைவாசி காணும் அண்ணை. நீங்கள் சனிக்கிழமை பயிற்சிக்கு வாங்கோ."

பயிற்சி நடந்தது இல்-பிசாரில், தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில். அந்தத் தீவுக்குப் போய்ச் சேருவதே ஒரு தனிப் பயணம். மெத்ரோவில் ஏறி, இரண்டு பஸ் மாறி, மீதித் தூரத்தைப் பனிக்குள் நடந்து, குணரத்தினம் போய்ச் சேர்ந்தபோது கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. தலைவர் நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. வாசலுக்கே வந்து குளிர்க்கோட்டை வாங்கிக் கொக்கியில் கொழுவினார். நாற்பது வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்து, பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பாலத்துக்குப் பிறகு மனிதரை அளக்கத் தொடங்கியிருந்தார்.

"வாங்க வாங்க குணரத்தினம் சார். பாருங்க, வலின்னு ஒண்ணு இருக்கு. அதை எல்லாரும் ஃபீல் பண்றாங்க. யாருமே மெஷர் பண்றதில்ல. மெஷர் பண்ணாத எதையும் சரிபண்ண முடியாது. நாம பண்றோம்."

முதல் பாடம் தலை சரிப்பது. உள்ளூர்வாசி பேசும்போது நோக்கர் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிக்கவேண்டும். அதிகம் சரித்தால் அனுதாபம் ஆகிவிடும், சரிக்காவிட்டால் அகங்காரம். இரண்டாம் பாடம் சொற்கள். 'எங்கே' என்ற சொல்லை நோக்கர்கள் பாவிக்கக் கூடாது. 'உங்கட மகன் எங்கே' என்று யாராவது வாய்தவறிக் கேட்டுத் தொலைத்தால் பதினாலு நிமிடச் சந்திப்பு இரண்டு மணித்தியாலம் ஆகிவிடும் என்று முந்தைய வருட அனுபவம் காட்டியிருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களை 'தற்சமயம் வீட்டில் இல்லாதவர்' என்று குறிக்கவேண்டும். செல்லடிக்குச் 'சத்தம்'. அகதி முகாமுக்குப் 'பொதுத் தங்குமிடம்'.

குணரத்தினம் கையை உயர்த்தினார். "அப்ப செத்தவையை?"

இரவிச்சந்திரன் பட்டியலை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "அது இரண்டாம் கட்டப் பயிற்சியில வரும் அண்ணை."

மூன்றாம் பாடம்தான் முக்கியமானது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேரவையிடம் நாற்பது வீட்டுக்குக் கூரைத் தகரம் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தது. எந்த வீட்டுக்குக் கூரை என்பதைப் படிவம் ஏழு தீர்மானிக்கும். முகம் மலர்ச்சியா, உபசரிப்பு எப்படி, இருக்கைகள் போதுமா, பானம் குளிர்ந்ததா என்று நாற்பது கேள்விகள். எழுபதுக்கு மேல் புள்ளி எடுத்த வீடு மீண்டுவிட்டது, அதற்கு ஒன்றும் தேவையில்லை. எழுபதுக்குக் கீழே என்றால் தகரம் போகும். படிவத்தின் அடியில் 'நோக்கரின் பிற கருத்து' என்று ஒரு கோடு இருந்தது. ஒரு விரல் நீளம் வரும்.

ஓகஸ்ட் மாதம் போனார்கள். முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையோரக் கிராமம். குளிரூட்டிய பஸ் மணல் ஒழுங்கைக்குள் போக மறுத்ததால் கடைசி நூறு மீற்றரை நோக்கர்கள் வெயிலில் நடந்தார்கள். அதற்குள் இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தலைச்சுற்றுக்கு மருந்து எழுதிக்கொண்டார்கள்.

பதினோராவது வீடு திரேசம்மாவுடையது. அறுபது வயதிருக்கும். கடலுக்குப் போன புருசன் சண்டைக்கு முந்தியே போய்விட்டார். மகன் இரண்டாயிரத்தொன்பது வைகாசியிலிருந்து, பேரவையின் மொழியில் சொன்னால், தற்சமயம் வீட்டில் இல்லை. மகளும் அவவும்தான். முன்னறையில் பதினொரு கதிரைகள் வரிசையாக நின்றன. பத்து நோக்கர்களுக்குப் பத்து, பஸ் சாரதிக்கு ஒன்று. போய் இருந்த உடனே ஐஸ் போட்ட சோடா வந்தது. தட்டு நிறைய பிஸ்கற் வந்தது. திரேசம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தா.

தலைவருக்கு மனம் நிறைந்துவிட்டது. "பாருங்க, எவ்வளவு அழகா சிரிக்கிறாங்க! மொன்றியல் மெத்ரோவில யாராவது இப்படிச் சிரிச்சுப் பாத்திருக்கீங்களா? நாமதான் இவங்ககிட்ட கத்துக்கணும்." பிறகு தலையை அளவாகச் சரித்துக்கொண்டு கேட்டார்: "அம்மா, நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

"ஓம் ஐயா. நீங்கள் எல்லாரும் இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்ததே பெரிய சந்தோசம்."

பத்துப் பேனைகளும் ஒன்றாகப் புள்ளடி போட்டன. இரவிச்சந்திரன் கதிரைகளை எண்ணி, 'இருக்கைகள்: தாராளம்' என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

குணரத்தினம் மட்டும் கதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு மையால் 'சனசமூக நிலையம்' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கதிரையில் மாதா கோயிலின் பெயர். அடுத்தது மரக்கதிரை, அதற்கடுத்ததில் யாரோ ஒரு பிள்ளை பெயரைக் கீறி வைத்திருந்தது. ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கொழும்பிலிருந்து மாமா வருகிறார் என்றால் அவருடைய அம்மாவும் பக்கத்து வீட்டுக் கதிரை, எதிர்வீட்டுக் கோப்பை, கடைக்காரனிடம் சொல்லிவைத்த பிஸ்கற் என்று ஊரைத் திரட்டித்தான் மானத்தைக் காப்பாற்றினவ. மாமாவும் போய், 'அக்கா நல்லா இருக்கிறா' என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்.

கை கழுவவென்று அவர் பின்பக்கம் போனார். முன்னறையோடு வீடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் சுவர் மட்டும் நின்றது. மேலே ஒரு நீலத் தறப்பாள், அதுவும் கிழிந்தது. அடுப்படிக்கு வானம்தான் கூரை. முன்னறைக்கு மேலேயும் அதே தறப்பாளின் மறுபாதியைத்தான் பழைய சேலை கட்டி மறைத்திருந்தார்கள். பாயையும் உடுப்புகளையும்கூட அயலில் கொண்டுபோய் வைத்திருக்கவேண்டும். ஒன்றையும் காணவில்லை.

திரேசம்மா தண்ணிச் செம்போடு பின்னால் வந்தா.

"தம்பி எந்த ஊர்?"

"கரவெட்டி அக்கா."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை." குரலைத் தாழ்த்தினா. "வீடு தேடி வந்த ஆக்களை நிலத்தில இருத்தேலுமே? அதுதான் ஊரெல்லாம் ஓடித் திரிஞ்சு எடுத்தது. மாரி வந்தா நானும் மோளும் இந்த மூலையில விடிய விடிய நிண்டபடிதான் தம்பி. இதை நான் அவையளுக்கு முன்னால வாயால சொல்லமாட்டன். செத்தாலும் சொல்லமாட்டன். நீங்கள் எங்கட ஆள், பாத்திட்டியள். எழுதிவிடுங்கோ."

"எழுதுறன் அக்கா," என்றார் குணரத்தினம். கையில் தண்ணீர் ஊற்றியதும் அவதான்.

எழுதினாரா? பஸ்ஸில் ஏறி, படிவத்தை மடியில் வைத்து, பேனையைத் திறந்தார். விரல் நீளக் கோடு காலியாகக் கிடந்தது. 'கதிரைகள் இரவல்' என்று இரண்டே சொல் போதும். பக்கத்து இருக்கையிலிருந்த மருத்துவர் எட்டிப் பார்த்தார். "என்ன நல்ல சனம், என்ன? இப்படி ஒரு வீட்டில வளந்தனீங்களோ நீங்களும்?" என்று விசாரித்தார். குணரத்தினத்துக்குக் காது சூடேறியது. கிடங்கில் அவரைவிட முப்பது வயது குறைந்த பொடியன் ஒருவன் பிரெஞ்சில் 'கெதியா, கெதியா' என்று துரத்துகிறான். இங்கேயோ ஐயா என்கிறார்கள், கதிரை இழுத்துப் போடுகிறார்கள், சோடா தருகிறார்கள். பத்து நாளைக்காவது அவரும் கனடாவிலிருந்து வந்த துரை. கதிரை இரவல் என்று எழுதினால், அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நானும் அப்படி ஒரு வீட்டுக்காரன்தான் என்று சொல்லவேண்டி வரும். பேனையை மூடினார். இன்றிரவு விடுதியில் எழுதலாம் என்று நினைத்தார். விடுதியில் நல்ல சாப்பாடு போட்டார்கள். படிவத்தை அங்கேயே இரவிச்சந்திரன் சேகரித்துக்கொண்டார்.

ஒக்டோபரில் அறிக்கை வந்தது. திரேசம்மாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அந்தக் கிராமத்தில் எந்த வீடும் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை, ஏனென்றால் அந்தப் பதினொரு கதிரைகளும் சோடா வாளியும் நோக்கர்களுக்கு முன்னால் முன்னால் ஓடி வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தன. கிராமம் முழுவதும் மீண்டுவிட்டதாகப் பிரகடனம் செய்தார்கள். இப்போது நாற்பது கூரைக்கும் போக இடமில்லை. தகரத்தை வீணாக்கக் கூடாதே! பேரவை கூடி ஆலோசித்து, அதே கிராமத்தில் 'நோக்கர் இளைப்பாறு மண்டபம்' ஒன்று கட்டத் தீர்மானித்தது. அடுத்த வருடம் போகிறவர்கள் வெயிலில் நடக்கத் தேவையில்லை. நூறு மீற்றருக்கும் கூரை.

குணரத்தினம் மனைவி சிவநேசத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உடன எழுதிக் குடுங்கோவன், ஆர் உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கினம்?" என்றாள்.

ஆர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது.

"அண்ணை, அது முதல் எண்ணம்," என்றார் இரவிச்சந்திரன். "முதல் எண்ணத்தை மாத்தேலாது. இரண்டாம் எண்ணம் வேணுமெண்டா இரண்டாந்தரம் போகவேணும்."

"நான் பொய்யெல்லே எழுதினனான்!"

"பொய்யெண்டாலும் முதல் எண்ணம் முதல் எண்ணம்தானே அண்ணை. வேணுமெண்டா திருத்தப் படிவம் ஒண்டு இருக்கு."

திருத்தப் படிவம் ஆறு பக்கம். சம்பந்தப்பட்ட உள்ளூர்வாசி, தான் சிரித்தபோது மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்று கிராம சேவையாளர் முன்னிலையில் கையொப்பம் வைக்கவேண்டும். எந்தச் சிரிப்பு என்று நேரத்தோடு குறிப்பிடவேண்டும். மற்ற ஒன்பது நோக்கர்களும் ஏமாந்துபோனதாக ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. 'நான் முப்பது வருஷமா முகத்தைப் பாத்தே நோய் என்னெண்டு சொல்லுற டொக்டர்,' என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

அதற்கும் மேலே உப குழு ஒன்று இருந்தது. பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால்தான் உப குழு கூடலாம். பாதிக்கப்பட்டவர் குணரத்தினம். ஆனால் விண்ணப்பமும் குணரத்தினத்துடையது என்பதால் அவர் வெளியே போகவேண்டும். அவர் வெளியே போனதும் கூட்டம் செல்லாது. அவர் இல்-பிசார் வீட்டு நடைபாதையில் மூன்று தரம் பனிக்குள் நின்று, மூன்று தரமும் ஒத்திவைப்புக் கடிதத்தோடு திரும்பி வந்தார்.

"நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க," என்றார் தலைவர், மூன்றாம் தரம் தேநீர் கொடுத்தபடி. "நல்லதுதான். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தம்மா ஏழைன்னு நீங்க எழுதினா, அவங்க சந்தோஷத்த நாம மதிக்கலன்னு ஆயிடும். ஒருத்தங்க சந்தோஷத்த பறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?"

குணரத்தினம் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

அப்போதுதான் இன்னொரு கடிதம் வந்தது. அவ்வருடத்தின் 'சிறந்த நோக்கர்' விருது குணரத்தினத்துக்கு. காரணமும் எழுதியிருந்தது. மற்ற ஒன்பது பேரும் 'பிற கருத்து' என்ற இடத்தில் நுளம்புக் கடி, கழிப்பறை, பஸ்ஸின் குளிர் என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒரு சொல்கூட எழுதாமல் விட்ட ஒரே படிவம் அவருடையது. முன்முடிவற்ற, தூய நோக்குக்கு அது முன்மாதிரியாம்.

"போகாதேங்கோ," என்றாள் சிவநேசம்.

"போனாத்தான் மைக் தருவினம்," என்றார் குணரத்தினம்.

விழா நவம்பர் கடைசி ஞாயிறு, காலை எட்டரை மணிக்கு. அங்கே இரவு ஏழு. திரேசம்மாவைத் திரையில் நேரலையாகக் காட்டுவதற்காகத்தான் அந்த நேரம். மண்டபத்தில் முந்நூறு பேர் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, முகங்களைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். திரை வெளித்தது.

திரேசம்மா நடுவில். பின்னால் அயலவர்கள் இரண்டு வரிசையாகக் கதிரை போட்டு இருந்தார்கள். அவ நல்ல சேலை ஒன்று உடுத்திருந்தா, சிரித்துக்கொண்டிருந்தா. மழை பெய்கிற சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. தறப்பாளில் அடித்துக் கொட்டுகிற மழை. அவ சிரிப்பைக் குறைக்காமலே கதிரையை ஒரு பக்கம் கொஞ்சம் நகர்த்தினா. சிறிது நேரத்தில் மறுபக்கம் நகர்த்தினா.

"கேட்டீங்களா!" என்றார் தலைவர் மைக்கில். "இயற்கையே கைதட்டுது!"

மண்டபமும் தட்டியது.

"அங்கை அந்தக் கரவெட்டித் தம்பி நிக்கிறாரோ?" என்று திரேசம்மா கேட்டா. குணரத்தினத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவரைக் கண்டதும் அவவின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "சுகமோ தம்பி? அந்த... நான் சொன்ன அலுவல்..." அதோடு நிறுத்திவிட்டா. அத்தனை பேருக்கு முன்னால் அதற்கு மேல் அவவால் கேட்க முடியாது.

குணரத்தினத்தின் கையில் மைக் இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"நான் பொய்யன்!" என்றார். "இந்த மனுசிக்குக் கூரை இல்லை. நீங்கள் எண்ணின கதிரையெல்லாம் இரவல். சோடா இரவல். கோப்பை இரவல். மழை பெஞ்சா இவவும் மோளும் ஒரு மூலையில விடிய விடிய நிக்கினம். இப்பவும் நனைஞ்சுகொண்டுதான் இருக்கிறா, பாருங்கோ! எனக்குத் தெரியும். நான் எழுதேல்லை. எனக்கு வெக்கமாயிருந்தது, நான் எழுதேல்லை!" குரல் உடைந்து அழுதேவிட்டார்.

மண்டபத்தில் ஒருவர் எழுந்து கைதட்டினார். அடுத்தவர் எழுந்தார். முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் கண்ணீர் துடைத்தார்கள். தன்னை அறியாமலே குணரத்தினம் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

திரையில் திரேசம்மாவின் சிரிப்பு போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் கதிரைகளில் நெளிந்தார்கள். ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குத் தெரிவது வேறு, கடல்தாண்டி முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டுவது வேறு. அவ சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டா.

"எழுதத்தானே தம்பி சொன்னனான்," என்றா.

திரை கறுத்தது.

"நெட்வொர்க் பிராப்ளம்," என்று அறிவித்த தலைவர், மைக்கை வாங்கிக் குணரத்தினத்தின் தோளில் கைபோட்டார். அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. "நண்பர்களே, இதுக்குத்தான் நாம இத்தனை வருஷமா காத்திருந்தோம். குற்றவுணர்வு! அங்க இருக்கிறவங்க இணங்கிட்டாங்கன்னு நமக்குத் தெரியும். இங்க இருக்கிறவங்க இணங்கலையேன்னு ஒரு குறை இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் தீர்ந்துச்சு. அடுத்த வருஷத்துல இருந்து படிவம் ஏழுல நாப்பத்தோராவது கேள்வியா குற்றவுணர்வச் சேர்க்கிறோம். குணரத்தினம் சாருக்கு முழு மதிப்பெண். அந்தக் கிராமத்தோட புள்ளி இப்போ தொண்ணூத்தேழு!"

"அப்ப கூரை?" என்று குணரத்தினம் கேட்டார். மைக் அவரிடம் இல்லாததால் தலைவருக்கு மட்டும்தான் கேட்டது.

"கூரை ஒரு மெட்டீரியல் விஷயம் சார்," என்றார் தலைவர் மெதுவாக, அன்பாக. "நாம இப்போ அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம்."

விருதைக் கையில் கொடுத்தார்கள். கைகுலுக்குவதற்கு வரிசை நின்றது. மருத்துவர்கள் வந்தார்கள், பொறியியலாளர்கள் வந்தார்கள், முன்னர் கண்டும் காணாததுமாய்ப் போன பெரிய ஆட்கள் எல்லாம் வந்தார்கள். 'உங்களை மாதிரி மனச்சாட்சி உள்ள ஆக்கள் இப்ப இல்லை' என்றார்கள். குணரத்தினம் ஒவ்வொரு கையாகப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, வரிசை முடியும்வரை நின்றார். இருபது நிமிடம் எடுத்தது.

சிவநேசம் பஸ் தரிப்பில் காத்து நின்றாள். காற்று முகத்தை அறுத்தது. அவர் வந்து பக்கத்தில் நின்றபிறகும் அவள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசி ஏன் கட் பண்ணினவ எண்டு உங்களுக்கு விளங்கினது தானே?"

"ஓம்."

"அப்பவே விளங்கினதோ, பேந்தோ?"

"அப்பவே."

"பேந்தேன் நிண்டு எல்லாருக்கும் கை குடுத்தனீங்கள்?"

குணரத்தினம் தெருவைப் பார்த்தார். பொய் சொல்ல நினைத்தார், வாய் வரவில்லை. "எனக்கு இவ்வளவு நாளும் ஒருதரும் கை தட்டினதில்லை, நேசம்," என்றார்.

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள். உள்ளே இடம் நிறையக் கிடந்தது. யன்னலோரத்து ஒற்றை இருக்கையாகப் பார்த்துப் போய் இருந்துகொண்டாள்.